கண் அழுத்த நோய்: ஒரு குடும்பத்தின் நினைவுகளிலிருந்து

கண் அழுத்த நோய் என்று தமிழிலும் கிளாக்கோமா என்று மருத்துவமனைகளிலும் வழங்கப்படுவது ஒரே காரணத்தால் வரும் ஒரே நோயன்று. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு ஒரு குறிப்பிட்ட முறையில் நலிந்து, அந்த நலிவுக்கு ஏற்பப் பார்வைப் பரப்பு சிறிது சிறிதாகக் குறைந்துவரும் பல நோய்களுக்கு அது பொதுப்பெயராக நிற்கிறது. இவற்றுள் மிகுதியாகக் காணப்படும் வகை வலியையோ சிவப்பையோ நீர்வடிதலையோ தருவதில்லை. இருந்த பார்வை போவதை நோயாளியே அறியாத அளவுக்கு மெல்ல, ஆண்டுக் கணக்கில் அது நடைபெறுகிறது. ஆகவே இந்நோயைப் பற்றிய நினைவுக் கட்டுரை, நோயுற்றவர் உணர்ந்த துன்பத்தை விவரிப்பதாக அமைய இயலாது. உடனிருந்தவர்கள் கண்டும் பொருள் விளங்காமல் விட்ட சிறு நிகழ்ச்சிகளை, பின்னர் கிடைத்த மருத்துவ அறிவைக்கொண்டு மீண்டும் எண்ணிப் பார்ப்பதாகவே அமைய இயலும். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கரிசல் ஊர் ஒன்றில் இக்கட்டுரையாளர் பிறந்து வளர்ந்த குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நடந்தவை இங்கு அவ்வாறே எண்ணிப் பார்க்கப்படுகின்றன.

அக்குடும்பத்தின் பாட்டனார், அதாவது இக்கட்டுரையாளரின் தந்தையைப் பெற்றவர், மானாவாரி நிலத்தில் பருத்தியும் கம்பும் விளைவித்தவர். அறுபது வயதைக் கடந்த பின்னும் கண்ணாடி இல்லாமல் தொலைவில் வரும் பேருந்தின் பெயர்ப் பலகையைப் படித்தவர் என்றும், திண்ணை வெளிச்சத்தில் செய்தித்தாளின் தலைப்புகளை எழுத்து விடாமல் வாசித்தவர் என்றும் வீட்டார் நினைவுகூர்வர். அதே மனிதர் காலடியில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். தாம் கட்டிய வீட்டின் நிலையிலேயே தோளை இடித்துக்கொண்டார். பக்கவாட்டிலிருந்து ஓடிவந்த பேரப்பிள்ளைகள் மேலே வந்து மோதும்வரை அவர்களைக் காணாமல் நின்றார். பொழுது சாய்ந்தால் வெளியே செல்ல மறுத்தார். நேரே இருப்பது அத்தனை தெளிவாகத் தெரிந்த ஒருவருக்குக் காலடியிலும் பக்கத்திலும் இருப்பவை தெரியாமற்போவதை வீட்டார் கவனக்குறைவு என்றே கொண்டனர். "கண்ண எங்க வச்சிக்கிட்டு நடக்கீக" என்று பாட்டி கடிந்துகொண்டதும், அதற்கு அவர் சினந்து செம்பை அங்கே வைத்தவர்களைக் குறை சொன்னதும் அந்த வீட்டில் நாள்தோறும் நடந்தவை. தமக்குப் பார்வை குறைந்திருக்கிறது என்று அவரும் எண்ணவில்லை. பார்க்க விரும்பிய எதுவும் அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்ததால் அவ்வாறு எண்ணக் காரணமும் இல்லை.

இந்த முரண்பாடே இந்நோயின் இயல்பு. விழித்திரையில் ஒளியிலிருந்து உருவாகும் நரம்புச் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள், ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ பத்து இலட்சம், விழித்திரையின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்து ஓரிடத்தில் திரண்டு, கண்ணின் பின்சுவரிலுள்ள சல்லடை போன்ற பகுதியைத் துளைத்து வெளியேறுகின்றன. கண்ணினுள் அழுத்தம் அந்த நரம்பு தாங்கும் அளவை மீறும்போது நெருக்கடிக்கு உள்ளாவது இந்த வெளியேறும் வாய்தான். நுண்ணிய பார்வைக்கு உரிய நடுப்பகுதியிலிருந்து வரும் இழைகள் பெரும்பாலும் கடைசிவரை தப்பி நிற்க, அதைச் சுற்றியுள்ள பரப்பிற்கு உரிய இழைகள் கொத்துக்கொத்தாக முதலில் மடிகின்றன. மடிந்த இழைகளுக்கு உரிய இடம் கறுப்பாகத் தெரிவதில்லை. அங்கே இருந்திருக்கக்கூடியதைச் சுற்றுப்புறத்தைக் கொண்டு மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது; ஒரு கண்ணில் இல்லாததை மறு கண் ஈடுசெய்கிறது. எனவே பாட்டனார் செம்பு இருந்த இடத்தில் இருளைக் காணவில்லை, வெறுந்தரையைத்தான் கண்டார் என்று கொள்ள வேண்டும். அவரது சினம் நேர்மையானது.

அழுத்தம் எவ்வாறு உயர்கிறது என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். கண்ணின் முன்பகுதியில் நிறப்படலத்திற்குப் பின்னாலுள்ள ஒரு சதை வளையம் தெளிந்த நீரை இடைவிடாது சுரக்கிறது. அது வெளியே வடியும் கண்ணீர் அன்று, கண்ணினுள்ளேயே இருந்து அதற்கு வடிவத்தையும் ஊட்டத்தையும் தருவது. நிமிடத்திற்கு இரண்டு முதல் மூன்று மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளியிலும் மிகச் சிறிய பகுதி என்ற அளவில் சுரக்கும் இந்நீர், பாவை வழியாக முன்னே வந்து, கருவிழியும் நிறப்படலமும் சந்திக்கும் கோணத்திலுள்ள வடிகட்டி போன்ற திசுவின் வழியே வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. வரத்து குறையாமல் இருக்க மடை மட்டும் தூர்ந்துபோன கண்மாயில் நீர் ஏறிக் கரையை அழுத்துவதுபோல, வெளியேறும் வழி தடைப்பட்டால் கண்ணினுள் அழுத்தம் ஏறுகிறது. கோணம் திறந்தே இருந்து, வடிகட்டும் திசு மட்டும் உள்ளே சிறிது சிறிதாக அடைபடுவது திறந்த கோண வகை. நிறப்படலமே முன்னோக்கித் தள்ளப்பட்டுக் கோணத்தை மூடிவிடுவது மூடிய கோண வகை. முன்னது பாட்டனாருக்கு வந்தது. பின்னதை அக்குடும்பம் வேறொரு வழியில், பல ஆண்டுகள் கழித்து அறிந்தது.

1980களின் தொடக்கத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசக் கண் சிகிச்சை முகாமுக்குப் பாட்டனார் அழைத்துச் செல்லப்பட்டார். அதற்குள் நடுப்பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. வீட்டார் அதைப் புரை என்றனர், அது பொய்யும் அன்று. கண் வில்லை வெளுத்துப் புரை முற்றியிருந்தது. அறுவை செய்து கண்ணாடி கொடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அவருடன் முகாமில் இருந்த ஏனையோர் உறவினர் முகங்களை அடையாளம் சொல்லி அழுததையும், பாட்டனார் மட்டும் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னதையும் தந்தை பின்னாளில் பலமுறை விவரித்திருக்கிறார். மருத்துவர் கண்ணைக் கருவியால் உற்றுப் பார்த்துவிட்டு, நரம்பு காய்ந்துவிட்டது, புரையை எடுத்தது வீணாகவில்லை, ஆனால் இதற்கு மேல் பார்வை வராது என்று சொன்னதாகவும் அவர் கூறுவார். அந்த வாக்கியம் வீட்டாரின் செவியில் விழுந்ததே தவிர, மனத்தில் பதியவில்லை. ஊருக்குத் திரும்பியபோது, முகாமில் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சே நிலைத்தது. அதைக் கேட்டுப் புரை முற்றிய வேறு சிலர் அடுத்த முகாமுக்குப் போகாமல் நின்றுவிட்டனர்.

இந்தத் தவறான முடிவின் விலை மிகப் பெரிது. புரை என்பது ஒளி புகும் வில்லை மங்குவது. வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை திரும்பிவிடும். கண் அழுத்த நோயில் கெடுவது நரம்பு. மடிந்த நரம்பிழையை உயிர்ப்பிக்கும் மருந்தோ அறுவையோ இன்றுவரை இல்லை. இரண்டும் முதுமையில் ஒரே கண்ணில் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதால், ஒன்றின் பின்னால் மற்றொன்று மறைந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, முற்றிய புரையே வீங்கிக் கோணத்தை அடைத்தோ, வில்லையின் பொருள் கசிந்து வடிகட்டியை அடைத்தோ அழுத்தத்தை உயர்த்திவிடுவதும் உண்டு. புரை நன்றாகப் பழுக்கட்டும் என்று காத்திருக்கும் பழைய வழக்கம் இக்காரணத்தாலும் கேடானது. அன்று அந்த மருத்துவர் நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, இது பரம்பரையாகத் தொடரலாம், பிள்ளைகளைக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் அடுத்த தலைமுறையின் பதினைந்து ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். நூற்றுக்கணக்கானோரைப் பார்க்க வேண்டிய முகாமில் அது நடக்காமல் போனதில் வியப்பில்லை. ஆனாலும் இக்குடும்பத்தின் வரலாற்றில் அந்த ஒரு வாக்கியத்தின் இன்மை இன்னும் வலிக்கிறது.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,000க்கும் அதிகமானோரின் கண்களை ஆராய்ந்து 2003இல் வெளியான அரவிந்த் கண் ஆய்வு, இக்குடும்பத்தில் நடந்தது விதிவிலக்கன்று என்பதைக் காட்டியது. ஆராயப்பட்டவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. திறந்த கோண வகை உடையவர்களிலோ பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது தமக்கு இருப்பதை அதுவரை அறியாதவர்கள். அவர்களிற் பலர் அதற்கு முன்பே கண் பரிசோதனைக்குப் போய்வந்தவர்கள் என்பது இன்னும் கவலைக்குரியது. கண்ணாடிக்கு எண் பார்ப்பதும் புரை இருக்கிறதா என்று பார்ப்பதும் நடந்திருக்கின்றன, நரம்பைப் பார்ப்பது நடக்கவில்லை. கோவில்பட்டி வட்டாரம் அந்த மூன்று மாவட்டங்களுள் ஒன்றான தூத்துக்குடியைச் சேர்ந்தது.

தந்தையின் நோய் கண்டறியப்பட்டது தற்செயலாகவே. உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த அவர், 1990களின் பிற்பகுதியில், படிக்கும் கண்ணாடியை மாற்றவேண்டி மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவர் கண்ணாடி எண்ணோடு நிறுத்தாமல், பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டுக் கண்ணின் பின்புறத்தைப் பார்த்தார். நரம்பிழைகள் திரண்டு வெளியேறும் வட்டத்தட்டின் நடுவில் எல்லாருக்கும் சிறு குழிவு ஒன்று உண்டு. இழைகள் மடிய மடியத் தட்டின் விளிம்பு மெலிந்து அக்குழிவு விரியும். குழிவின் விட்டத்தைத் தட்டின் விட்டத்தோடு ஒப்பிட்டு மருத்துவர்கள் ஒரு விகிதம் குறிப்பார்கள். பெரும்பாலோர்க்கு அது 0.3 அளவில் இருக்கும், 0.7ஐ எட்டினால் ஐயம் எழும், இரு கண்களுக்கிடையே 0.2க்கு மேல் வேறுபட்டாலும் ஐயம் எழும். தந்தையின் வலக்கண்ணில் 0.8, இடக்கண்ணில் 0.6 என்று அட்டையில் எழுதப்பட்டது. அப்போது அந்த மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, உங்கள் அப்பாவுக்குக் கண் பார்வை எப்படி இருந்தது என்பது. பாட்டனாரின் செம்பும் நிலையும் முகாமும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஒன்றோடொன்று சேர்ந்து பொருள் தந்தன.

அழுத்தம் அளந்தபோது 19 என்று வந்தது. கண் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் அளப்பார்கள். 10 முதல் 21 வரை இயல்பு என்பது பாடநூல் கணக்கு. இயல்பான அழுத்தம் இருக்கையில் அழுத்த நோய் எப்படி வரும் என்று தந்தை ஓர் ஆசிரியருக்கே உரிய பிடிவாதத்துடன் கேட்டார். அக்கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவது, கண் அழுத்தம் நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை, பலருக்கு விடியற்காலையில் ஏறி மாலையில் இறங்கும். ஒரு வேளை அளந்ததை முழு நாளுக்கும் உரியதாகக் கொள்ள இயலாது. இரண்டாவது, கருவியின் முனை கருவிழியைத் தொட்டுத் தட்டையாக்கத் தேவைப்படும் விசையைக் கொண்டே அழுத்தம் கணிக்கப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் வகுத்த இம்முறை இன்றும் அளவுகோலாக உள்ளது, எனினும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிழி ஒருவருக்கு அதைவிட மெலிந்திருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். மூன்றாவது விடைதான் அடிப்படையானது: இயல்பு என்பது மக்கள் தொகையின் சராசரி, ஒரு தனி நரம்பு எவ்வளவு தாங்கும் என்பது வேறு. இரத்த ஓட்டக் குறைவும் பிறவியிலேயே நலிந்த நரம்பமைப்பும் உள்ளவர்களுக்கு 18கூட மிகையாகலாம். 25 இருந்தும் நரம்பு கெடாதவர்களும் உள்ளனர். அழுத்தம் நோயின் வரையறை அன்று, நோயின் காரணங்களுள் நம்மால் மாற்றக்கூடிய ஒன்று என்பதே சரியான விளக்கம். பிரஷர் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு ஊரிலுள்ள உறவினர்கள் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இரத்தக் கொதிப்பை அடக்குவதால் கண் அழுத்தம் அடங்கிவிடாது, மாறாக இரத்த அழுத்தம் இரவில் மிகவும் தாழ்ந்துபோனால் நரம்புக்குச் செல்லும் இரத்தமே குறையலாம் என்று மருத்துவர் விளக்க வேண்டியிருந்தது.

அடுத்து, கண்ணின் மேல் கண்ணாடிகள் பதித்த ஒரு வில்லையை வைத்துக் கோணம் திறந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நேராகப் பார்த்தால் தெரியாத அந்த மூலையைக் கண்ணாடியின் பிரதிபலிப்பில்தான் காண முடியும். சில நிமிட வேலை, ஆனால் சிகிச்சை எந்த வழியில் செல்ல வேண்டும் என்பதே இதில்தான் முடிவாகிறது. நேரம் இல்லை என்று இதைத் தவிர்ப்பவர்கள் இன்றும் உண்டு என்பது வருந்தத்தக்கது.

பீல்டு டெஸ்ட் என்று எல்லாரும் சொல்லும் பார்வைப் பரப்புச் சோதனையே தந்தையின் மனத்தை மாற்றியது. இருட்டறையில் ஒரு வெண்ணிறக் குடைவின் முன் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவிலுள்ள விளக்கையே பார்த்துக்கொண்டு, சுற்றிலும் அங்கங்கே மின்னி மறையும் சிறு ஒளிப்புள்ளிகளைக் காணும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். "நடு லைட்டையே பாருங்க சார், தேடாதீங்க" என்று கருவியை இயக்கிய பெண் பலமுறை நினைவூட்டினார். வாழ்நாள் முழுதும் மாணவர்களைத் தேர்வு எழுதச் சொன்னவர், நீண்ட நேரம் எந்தப் புள்ளியும் வரவில்லையே, இயந்திரம் நின்றுவிட்டதா என்று கேட்டார். இயந்திரம் நிற்கவில்லை, புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தன. வலக்கண்ணின் அச்சுத்தாளில் மேற்பாதியில் மூக்குப் பக்கத்திலிருந்து வில்லாக வளைந்து செல்லும் கரும்பட்டை பதிவாகியிருந்தது. தமக்கு எந்தக் குறையும் தெரியவில்லை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த தந்தை, அத்தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இச்சோதனையில் குறை புலப்படுவதற்கு முன்பே நரம்பிழைகளில் கணிசமான பங்கு மடிந்துவிட்டிருக்கும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1991இல் அறிமுகமாகிப் பின்னர்ப் பரவிய ஓசிடி என்னும் ஒளியலைப் படப்பிடிப்பு, இழைப்படலத்தின் தடிமனை மைக்ரான் அளவில் அளந்து அந்தக் கால இடைவெளியை இன்று ஓரளவு குறைத்திருக்கிறது.

மூடிய கோண வகையை அக்குடும்பம் அறிந்தது தாய்வழியில். தாயின் மூத்த சகோதரி, குட்டையான உருவமும், சிறு வயதிலிருந்தே தூரப்பார்வைக்கான பிளஸ் கண்ணாடியும் கொண்டவர். இத்தகைய சிறிய கண்களில் முன்னறை ஆழம் குறைந்து கோணம் இயல்பாகவே குறுகியிருக்கும், வயதாக ஆக வில்லை தடித்து அதை மேலும் நெருக்கும், பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படும் என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. நோய் முற்றுவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே மாலை வேளைகளில் நெற்றிப்பொட்டு வலிப்பதாகவும், தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிவதாகவும் பெரியம்மா சொல்லிவந்தார். இருட்டில் பாவை விரியும்போது நிறப்படலம் மடிந்து கோணத்தை அவ்வப்போது அடைத்து விலகியிருக்கிறது. பின்னர் ஒரு திருமண வீட்டு இரவில் தாங்கமுடியாத தலைவலியும் வாந்தியும் ஒருசேர வந்தன. பித்தம் என்று கருதி எலுமிச்சம்பழமும் இஞ்சிச் சாறும் கொடுத்தார்கள். உள்ளூரில் வைத்தியம் பார்த்தவர் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டார். கண் சிவந்திருந்ததை எல்லாரும் கண்டனர், அழுததால் சிவந்தது என்று விட்டனர். மூன்றாம் நாள் கண் மருத்துவரிடம் சென்றபோது அழுத்தம் 60ஐத் தாண்டியிருந்தது. அந்தக் கண்ணில் பார்வை மீளவில்லை.

தலைவலியும் வாந்தியும் சிவந்த கண்ணும் மங்கிய பார்வையும் சேர்ந்து வந்தால் அது வயிற்று நோயாகவே கருதப்பட்டுவிடுவது இந்நோயின் கொடுமைகளுள் ஒன்று. சில மணி நேரத்திற்குள் செயல்பட வேண்டிய அவசர நிலை இது. நிறப்படலத்தின் ஒரு பகுதியை வெட்டி நீருக்கு மாற்றுவழி அமைத்தால் இத்தாக்குதல் தணியும் என்று 1857இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃப வெளியிட்டார். இன்று அதையே லேசர் கதிரால் ஊசிமுனை அளவுத் துளையிட்டு, புறநோயாளிப் பிரிவில் சில நிமிடங்களில் செய்துவிடுகிறார்கள். பெரியம்மாவின் மறு கண்ணுக்கும், பின்னர் அவர் தங்கையர் இருவருக்கும், அதாவது கோணம் குறுகியிருப்பதாகக் கண்டறியப்பட்ட இக்கட்டுரையாளரின் தாயாருக்கும் சித்திக்கும், அவ்வாறு லேசர் செய்யப்பட்டது. அம்மூவரின் அந்தக் கண்கள் இன்றுவரை காக்கப்பட்டுள்ளன.

தந்தையிடம் படித்த மாணவர் ஒருவரின் கதை வேறு வகை. கோடை தொடங்கினால் கண் சிவந்து அரிக்கும் ஒவ்வாமை, வெயிலும் தூசியும் மிகுந்த கரிசல் நாட்டுச் சிறுவர்களுக்கு, குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு, வழக்கமானது. மருந்துக் கடையில் கேட்டதும் கொடுத்த சொட்டு மருந்து அரை நாளில் அரிப்பை அடக்கியதால், ஒவ்வொரு கோடையிலும் பெற்றோர் அதையே சீட்டு இல்லாமல் வாங்கி விட்டனர். அதில் இருந்தது ஸ்டீராய்டு. ஒரு பகுதியினரின் கண்களில் ஸ்டீராய்டு வடிகட்டும் திசுவை இறுகச் செய்து அழுத்தத்தை உயர்த்தும். வலி இராது, கண் வெளுத்து அழகாகவே இருக்கும். பத்தாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று அந்த மாணவர் சொன்னபோது நரம்பு பெரும்பகுதி போய்விட்டிருந்தது. முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடிய வகை இது என்பதாலேயே மருந்துக் கடைகளின் இப்பழக்கம் மன்னிக்கத்தக்கதன்று. பிறந்த குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதுண்டு; அழுத்தத்தால் கண்ணே விரிந்து பெரிதாகும், வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை முகத்தைத் திருப்பும், கண்ணீர் வடியும். நெருங்கிய உறவில் மணம் செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பெரிய கண் என்று கொஞ்சிவிட்டு விட்டுவிடாமல் உடனே காட்டினால் அறுவையால் காக்க முடியும்.

தந்தைக்கு முதலில் டிமோலால் சொட்டு மருந்து காலையும் இரவும் தரப்பட்டது. சுரக்கும் நீரைக் குறைப்பது அது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும் என்பதால் அதைத் தருவதற்கு முன் மருத்துவர் இழைப்பு உண்டா என்று கேட்டறிந்தார். பின்னர் லேட்டனோபுரோஸ்ட் வந்தது. நீர் வெளியேறுவதை மிகுவிக்கும் இம்மருந்து இரவில் ஒரு சொட்டு போதும், ஆயினும் பிரிக்காத புட்டியைக் குளிரில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அது எளிதன்று. ஒரு சொட்டு விட்டபின் கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும், இரண்டு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும் என்பவற்றையெல்லாம் தாய் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிக் கடைப்பிடிக்க வைத்தார். மருந்தால் பார்வை கூடவில்லையே, எதற்கு இந்தச் செலவு என்று உறவினர்கள் கேட்டபோதெல்லாம் தந்தை அந்த அச்சுத்தாளைக் காட்டினார். இந்நோய்க்கான மருந்து எதையும் திருப்பித் தருவதில்லை, இருப்பதைக் காக்கிறது. எந்த மாற்றமும் தெரியாமல் இருப்பதே அது வேலை செய்வதற்கு அடையாளம் என்பதை ஏற்றுக்கொள்ள இயலாமல் பாதியில் நிறுத்துபவர்களே மிகுதி.

சில ஆண்டுகளுக்குப் பிறகு வலக்கண்ணில் மருந்து போதாமற்போகவே அறுவை செய்யப்பட்டது. கண்ணின் வெண்படலத்தில் சிறு கதவு போல் வெட்டி, உள்நீர் இமைக்கு அடியிலுள்ள மெல்லிய படலத்தின் கீழ் கசிந்து உறிஞ்சப்படுமாறு புதுவழி அமைக்கும் இவ்வறுவையின் இன்றைய வடிவம் 1968இல் கேம்பிரிட்ஜில் கேர்ன்ஸ் வெளியிட்டது. இதன் முன்னோடிகளுள் ஒன்று சென்னையில் உருவானது என்பதைத் தமிழர் பலர் அறியார். 1819இல் தொடங்கப்பட்டுப் பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கருவிழியும் வெண்படலமும் சேரும் விளிம்பில் வட்டத் துளையிடும் முறையை வகுத்து, 1913இல் அதை நூலாகவும் வெளியிட்டார். அம்முறை பல பத்தாண்டுகள் உலகெங்கும் கையாளப்பட்டது. மருந்து வாங்க வசதியும் மீண்டும் மீண்டும் வரப் போக்குவரத்தும் இல்லாத நோயாளிகள் திரளாக வந்த ஓரிடத்தில், ஒரே அறுவையில் நீடித்த பயன் தரும் வழியைத் தேடியது இயல்பே. அதே காரணங்கள் இன்றும் தென் மாவட்டங்களில் அறுவையை முன்னதாகவே பரிந்துரைக்க மருத்துவர்களைத் தூண்டுகின்றன.

இக்குடும்பத்தில் மருத்துவத்தைவிடக் கடினமாக இருந்தது சொல்வதுதான். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய முதல்நிலை உறவினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிடப் பல மடங்கு என்று மருத்துவர் கூறியதும் தந்தை தம் உடன்பிறந்தோர் நால்வருக்கும் கடிதம் எழுதினார். இளைய தம்பி ஒருவர் மட்டும் உடனே சென்று சோதித்தார். அவருக்கும் தொடக்க நிலையில் நோய் இருந்தது, இன்று எண்பதை நெருங்கும் அவர் தாமே பேருந்தேறி ஊருக்கு வந்து போகிறார். மற்றொரு தம்பி, வீட்டில் பெண் கொடுக்க வேண்டியிருக்கிறது, கண் போகும் குடும்பம் என்ற பேச்சு எழக்கூடாது என்று சொல்லி அக்கடிதத்தை மறைத்துவிட்டார். மகள் திருமணம் நல்லபடியாக முடிந்தது. அவர் சோதனைக்குச் சென்றபோது ஒரு கண்ணில் ஒளி மட்டுமே மிஞ்சியிருந்தது. அவரைக் குறை சொல்ல இடமில்லை. அந்த அச்சத்தை அவர் உண்டாக்கவில்லை, ஊர் உண்டாக்கியது. ஆனால் உரிய காலத்தில் கண்டறியப்பட்ட கண் அழுத்த நோயாளிகளிற் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் பயன்படும் பார்வையோடே வாழ்கிறார்கள் என்பதை அறிந்த ஊரில் அந்த அச்சத்திற்கு இடம் இராது.

ஆகவே, வீட்டில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால் அதன் பெயரைத் தாளில் எழுதி வாங்கி உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் தெரிவியுங்கள். அவர்கள் 40 வயதை எட்டும் முன்பே ஒருமுறையும், பின்னர் மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும் சோதித்துக்கொள்ளட்டும். கண்ணாடிக் கடையில் எண் பார்ப்பதோடு நிற்காமல், கோணத்தைப் பார்த்துவிட்டுப் பாவையை விரித்து நரம்பைப் பாருங்கள் என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்கட்டும். புரை எடுத்தும் பார்வை வராத பெரியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவர் பெயரையும் மறவாமல் சொல்லுங்கள்.